கிரிப்டோவில் மாதாமாதம் எவ்வளவு போடலாம்?

திரும்பி வந்த குடும்பங்களோடு இருந்து வரவு செலவு எழுதிப் பார்க்கும் கூட்டங்களில் இப்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "மாதாமாதம் கொஞ்சம் கிரிப்டோவில போடச் சொல்லுகினம். வருமானத்தில எவ்வளவு போடலாம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகள். சில வேளை அவர்களின் தாய்மாரும் கேட்கிறார்கள். அந்த யோசனையைச் சொன்னவர் கனடாவில் இருக்கும் மாமாவாக இருக்கலாம். தமிழ்நாட்டு முகாமில் பக்கத்து வீட்டில் இருந்த நண்பனாக இருக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் வந்த, முகம் தெரியாத ஒருவராகவும் இருக்கலாம். அவர்கள் சொல்லும் அளவு மட்டும் அநேகமாக ஒன்றுதான்: வருமானத்தில் பத்து வீதம்.

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ரூபாவைச் சேர்த்து வைத்தவர்களுக்கு 2022இல் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. அதாவது, முந்திய ஆண்டு 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 1,700 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. வங்கிப் புத்தகத்தில் இருந்த காசு குறையவில்லை. ஆனால் அதற்கு வாங்கக்கூடிய அரிசியும் சீமெந்தும் குறைந்துவிட்டன. அதைப் பார்த்த ஒருவர், ரூபாவில் வைக்காமல் வேறொன்றில் வைத்தால் என்ன என்று கேட்பதில் பிழையில்லை.

பிழை அந்தப் பத்து வீதத்தில்தான் இருக்கிறது. அது வேறொருவருடைய வாழ்க்கைக்குப் போட்ட கணக்கு.

சம்பளக் கணக்கும் போகக் கணக்கும்

கனடாவில் இருப்பவருக்கு இரண்டு கிழமைக்கு ஒரு தடவை சம்பளம் வருகிறது. அடுத்த சம்பளம் எப்போது, எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். வேலை போனாலும் சில மாதத்துக்கு அரசாங்கக் கொடுப்பனவு இருக்கும். வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு பெரிதாக இல்லை. அப்படிப்பட்டவர் பத்து வீதத்தை எடுத்து ஒன்றில் போட்டு, அது முழுதாகப் போனாலும், மனம் நொந்தபடி அடுத்த மாதத்தைக் கொண்டு போவார்.

வன்னியில் காசு அப்படி வருவதில்லை. காலபோகத்துக்கு ஐப்பசியில் காசு மண்ணுக்குள் போகிறது. மாசி, பங்குனியில்தான் அது திரும்பி வருகிறது. இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ தண்ணீர் காணாத ஆண்டில் சிறுபோகம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. முல்லைத்தீவுக் கரையில் வாடைக் காலத்தில் கடல் அடித்தால் படகு கரையில்தான் கிடக்கும். கச்சான் செய்பவருக்கும் கூலிக்குப் போபவருக்கும் மழைக் காலம் வெறுங்கைக் காலம். ஆடைத் தொழிற்சாலைக்கோ அரச வேலைக்கோ போகும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால்தான் மாதச் சம்பளம் என்ற சொல்லுக்கே பொருள் வருகிறது.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து வந்தவர்கள் இன்னொரு மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 இந்திய ரூபாவும் மற்றவர்களுக்கு அதற்குக் குறைவாகவும் பணக்கொடை கிடைத்தது; அரிசியும் கிடைத்தது. தொகை சிறியதுதான், ஆனால் நாள் தவறாமல் வந்தது. பெயின்ற் வேலைக்குப் போனால் கிழமைக் கூலியும் கையில் இருந்தது. இங்கே வந்து காணி துப்புரவாக்கி, கிணறு இறைத்து, முதற்போகம் வெட்டும் வரை பல மாதங்கள் செலவு மட்டுமே ஓடும். அந்த இடைவெளிக்குத்தான் கையில் உள்ள காசு வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கை எழுதிப் பார்ப்போம்

கீழே வருவது ஒரு உதாரணக் குடும்பம். உங்கள் தொகைகள் வேறாக இருக்கும். பென்சிலை எடுத்து, எங்கள் தொகையை அடித்துவிட்டு உங்களுடையதை எழுதுங்கள்.

இரண்டு ஏக்கர் வயல், காலபோகம் மட்டும். நெல் விற்று 280,000 ரூபா வருகிறது. இதை வருமானம் என்று எழுதுவதுதான் முதற்பிழை. அடுத்த போகத்துக்கு உழவு, விதைநெல், உரம், மருந்து, வெட்டுக் கூலி எல்லாமாக 170,000 வேண்டும். அது உங்களுடைய காசு அல்ல, வயலின் காசு. அதைக் கழித்தால் மிஞ்சுவது 110,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 9,000. கணவர் மாதத்தில் 12 நாள் கூலிக்குப் போய் 2,500 வீதம் 30,000 கொண்டுவருகிறார். கோழியும் பாலும் 6,000 தருகின்றன. மாத வருமானம் 45,000 ரூபா.

செலவு: சாப்பாடு 25,000, பள்ளிக்கூடமும் போக்குவரத்தும் 6,000, மின்சாரம், தொலைபேசி, எரிபொருள் 3,000, மருந்தும் நல்லது கெட்டதும் 4,000. மொத்தம் 38,000. கையில் 7,000 மிஞ்சுகிறது.

இந்த வீட்டில் வாராந்தக் கடன் ஒன்றும் இருக்கிறது, கிழமைக்கு 1,200. ஒரு மாதத்துக்கு நான்கு கிழமை என்று கணக்குப் பார்க்காதீர்கள். ஆண்டுக்கு 52 கிழமை, 62,400 ரூபா, மாதத்துக்கு 5,200. அதைக் கொடுத்த பிறகு உண்மையில் மிஞ்சுவது 1,800 ரூபா.

இப்போது அந்தப் பத்து வீதத்தைப் போட்டுப் பாருங்கள். 45,000இல் பத்து வீதம் 4,500. இந்த வீட்டில் இருப்பதோ 1,800. மீதி 2,700 ரூபா ஒவ்வொரு மாதமும் எங்கிருந்து வரும்? கடைக் கொப்பியில் கடனாக ஏறும், அல்லது தோடு ஈட்டுக்குப் போகும், அல்லது வயலின் காசில் கை வைக்கப்படும். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது. காசு கண்முன்னால் இருப்பதால் அது வசதியாகத் தெரிகிறது. ஐப்பசி வந்ததும் விதைநெல்லுக்குக் கடன் தேடி அலைவார்கள்.

ஆகவே வருமானத்தில் எத்தனை வீதம் என்று கேட்டால் சரியான விடை கிடைக்காது. மிச்சத்தில் எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும். மிச்சம் எது என்று தெரியாமல் எந்த வீதத்தைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

"விலை விழுந்தாலும் தொடர்ந்து வாங்கினால் நட்டம் வராது"

மாதாமாதம் ஒரே தொகைக்கு வாங்குவது ஒரு பழைய முறை. பங்குச் சந்தைக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்வது. அதில் உண்மை இருக்கிறது. எப்படி என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம்.

மாதம் 1,000 ரூபாவுக்கு ஒரு பொருளை வாங்குகிறீர்கள். முதல் மாதம் ஒரு துண்டின் விலை 100. பத்துத் துண்டு கிடைக்கிறது. இரண்டாம் மாதம் விலை 50 ஆகிறது, இருபது துண்டு. மூன்றாம் மாதம் 25, நாற்பது துண்டு. நான்காம் மாதம் விலை மீண்டும் 50, இருபது துண்டு. நீங்கள் போட்டது 4,000. கையில் 90 துண்டு. இன்றைய விலையில் 4,500 ரூபா. விலை தொடக்கத்தில் இருந்ததில் பாதிதான், ஆனாலும் 500 ரூபா இலாபம். கேட்கும்போது மந்திரம் போல இருக்கும். மந்திரம் இல்லை, விலை விழுந்த மாதத்தில் நிறைய வாங்கியதுதான் காரணம்.

இதே கணக்கில் மூன்றாம் மாதம் வெள்ளம் வந்தது என்று வையுங்கள். அந்த மாதம் வாங்கக் காசு இல்லை. அது மட்டுமல்ல, இருப்பதை விற்று அரிசி வாங்க வேண்டியிருக்கிறது. போட்டது 2,000. கையில் 30 துண்டு. விலை 25. கிடைப்பது 750 ரூபா.

இரண்டு குடும்பமும் ஒரே பொருளைத்தான் வாங்கின. ஒன்றுக்குப் பொறுத்திருக்க முடிந்தது, மற்றதற்கு முடியவில்லை. இந்த முறை விலையைப் பற்றிய அறிவில் ஓடுவதில்லை. விழும்போதும் வாங்கும் வலுவிலும், விற்காமல் இருக்கும் வலுவிலும்தான் ஓடுகிறது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் தண்ணீர் ஏறியது நினைவிருக்கும். வெள்ளம் வரும் மாதம் எது என்று பிட்கொயினுக்குத் தெரியாது.

விலை எவ்வளவு விழும் என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். பிட்கொயின் ஒன்று 2021 நவம்பரில் ஏறக்குறைய 69,000 டொலர் வரை போனது. ஓராண்டில், 2022 நவம்பரில், 16,000 டொலருக்குக் கீழே வந்தது. நான்கில் மூன்று பங்குக்கு மேல் போய்விட்டது. பிறகு 2024 டிசெம்பரில் 100,000 டொலரைத் தாண்டியது. கதையைச் சொல்பவர்கள் முதலையும் கடைசியையும் சொல்வார்கள். நடுவில் இருந்த இரண்டு ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். இதுவும் நிலைத்து நின்ற நாணயத்தின் கதை. டொலரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட ரெறா யூஎஸ்டி என்ற நாணயம் 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் அதன் பெறுமதியில் பெரும்பகுதியை இழந்தது. அதை வாங்கியவர்களுக்குத் தொடர்ந்து வாங்கும் முறையும் உதவவில்லை.

மிச்சத்தை முதலில் எங்கே போடலாம்

கடன் இருந்தால் கடனில். நுண்கடன்களின் வட்டி வன்னிக்குச் செய்த கேட்டை இங்கே விளக்கத் தேவையில்லை. 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு அதே ஆண்டு விதித்த உச்சவரம்பே 35 வீதம். அப்படிப்பட்ட கடன் ஒன்றை நேரத்துக்கு முன்பே அடைத்தால், அந்த வட்டி உங்கள் கையில் நிற்கிறது. 35 வீத இலாபத்தை நிச்சயமாகத் தரும் நாணயம் எதுவும் உலகத்தில் இல்லை. அடைப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: முன்கூட்டி அடைத்தால் மீதி வட்டியைக் குறைப்பார்களா? சில இடங்களில் குறைப்பார்கள், சில இடங்களில் முழு வட்டியையும் வாங்குவார்கள். குறைக்காவிட்டால் தவணைப்படியே கட்டுங்கள். இன்னொரு கடன் எடுக்காமல் இருந்தால் போதும்.

கடனுக்குப் பிறகு, அவசரத்துக்கு ஒரு கையிருப்பு. இரண்டு மாதச் செலவு என்று வைப்போம். மேலே சொன்ன குடும்பத்துக்கு அது 76,000 ரூபா. மாதம் 1,800 வீதம் சேர்த்தால் மூன்றரை ஆண்டு. வாராந்தக் கடன் முடிந்து மாதம் 7,000 மிஞ்சத் தொடங்கினால் பதினொரு மாதம். இந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே கடனை ஏன் முதலில் சொன்னோம் என்று விளங்கும்.

இந்தக் கையிருப்பு எடுத்த அன்றே கையில் வரக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். போர்க் காலத்தில் வைப்பிலிட்ட காசையும் அடகு வைத்த நகையையும் இழந்த குடும்பங்களுக்கு வங்கி என்ற சொல்லே கசப்பாக இருக்கலாம். அது நியாயம்தான். ஆனால் இன்று இருக்கும் ஒரு பாதுகாப்பைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு 2010 ஒக்டோபரில் இருந்து வைப்புக் காப்புறுதி இருக்கிறது. இப்போது ஒருவருக்கு, ஒரு நிறுவனத்தில், 1,100,000 ரூபா வரை. 2020 மே மாதத்தில் ஒரு பெரிய நிதிக் கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்தானபோது, அன்று இருந்த 600,000 ரூபா எல்லை வரை வைப்பாளர்களுக்கு இதன் மூலம் நட்டஈடு கொடுக்கப்பட்டது. கிராமச் சங்கத்துச் சேமிப்புக்கும் சீட்டுக்கும் இந்தக் காப்புறுதி இல்லை. கிரிப்டோவுக்கும் இல்லை.

சீட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடிப்பவரின் வீடு தெரியும், சேர்ந்தவர்களின் குணம் தெரியும், முகம் பார்த்துக் கேட்கலாம். தண்ணிப்பம்பும் தையல் இயந்திரமும் எத்தனையோ வீட்டுக்குச் சீட்டால்தான் வந்தன. ஆனால் அவசரக் கையிருப்பை முழுதாகச் சீட்டில் போடாதீர்கள். உங்கள் முறை வருமுன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

நகையும் அப்படித்தான். பெண்களின் கழுத்தில் இருக்கும் ஒரு பவுண், வங்கியில் ஈடு வைத்தால் அன்று மத்தியானமே காசாகும். கடை நகை வாங்கும்போது செய்கூலி போய்விடும் என்பது மட்டும் அதன் குறை. பிட்கொயினை எந்த வங்கியும் ஈட்டுக்கு எடுக்காது.

வீட்டுத்திட்டக் காசையும் வாழ்வாதார உதவியையும் பற்றித் தனியாக ஒரு சொல். 2012இல் வீட்டுக்காரரே கட்டும் முறையில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. அத்திவாரத்துக்கு வந்த காசில் வேறு வேலை பார்த்தவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாமல் கடன்பட்டார்கள். இப்போது வரும் உதவிகளும் அதே மாதிரித்தான். அடுத்த கொடுப்பனவு வரும்வரை அந்தக் காசு வங்கியில் சும்மா கிடப்பதாகத் தெரியும். சும்மா கிடக்கட்டும்.

"ஓடும்போது கொண்டு போகலாம்"

கிரிப்டோவுக்காகச் சொல்லப்படும் வாதங்களில் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது இது ஒன்றுதான். வீடு, காணி, மாடு, உழவு இயந்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தவர்களுக்கு, கையில் எதுவும் இல்லாமலே கொண்டு போகக்கூடிய சொத்து என்றால் காது நிமிரத்தான் செய்யும். அது பொய்யும் இல்லை. பிட்கொயினை வைத்திருப்பதற்குத் தேவையானது பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு சொற்கள். அந்தச் சொற்களை வைத்து உலகின் எந்த மூலையிலும் அதை மீட்கலாம்.

ஆனால் அந்தச் சொற்கள் தொலைந்தால் திருப்பித் தர யாரும் இல்லை. வங்கிப் புத்தகம் தொலைந்தால் அடையாள அட்டையோடு போய்ப் புதியது எடுக்கலாம். அடையாள அட்டையும் தொலைந்தால் கிராம அலுவலரிடம் தொடங்கி அதையும் எடுக்கலாம். அலைச்சல்தான், ஆனால் வழி இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் இருந்து காணிப் பெர்மிற் வரை இழந்து, ஒவ்வொன்றாக மீட்டெடுத்தவர்கள் நீங்கள். அந்த மீட்பு கிரிப்டோவில் இல்லை. கணவர் மட்டும் சொற்களை அறிந்திருந்து, அவருக்கு ஒன்று நடந்தால், மனைவியால் மரணச் சான்றிதழைக் காட்டி எதையும் எடுக்க முடியாது. வங்கிக் கணக்கிலோ பின்னுரித்தாளர் ஒருவரின் பெயரை இன்றே எழுதி வைக்கலாம். (இதை வாசிக்கும்போது உங்கள் கணக்கில் அந்தப் பெயர் இல்லை என்று நினைவு வந்தால், அடுத்த தடவை வங்கிக்குப் போகும்போது செய்துவிடுங்கள். இந்தப் பகுதியில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை.)

சொற்களைத் தாங்களே வைத்திருப்பவர்களும் குறைவு. பெரும்பாலானோர் ஒரு செயலியில்தான் வைத்திருக்கிறார்கள். அப்போது அது ஓடும்போது கொண்டு போகும் சொத்து அல்ல, அந்தச் செயலிக்காரரிடம் இருக்கும் வைப்பு. உலகத்தின் மிகப் பெரிய பரிமாற்ற நிறுவனங்களில் ஒன்றான எவ்ரிஎக்ஸ் 2022 நவம்பரில் விழுந்தபோது வைப்பாளர்களின் கணக்குகள் அப்படியே முடங்கின.

இலங்கையில் சட்டம் என்ன சொல்கிறது

மத்திய வங்கி 2018இல் இருந்து பல தடவை பொது அறிவித்தல் விட்டிருக்கிறது. மெய்நிகர் நாணயத்தில் முதலிடுவதற்கான திட்டம் நடத்த எந்த நிறுவனத்துக்கும் அது அனுமதி கொடுக்கவில்லை. வெளிநாட்டுச் செலாவணி விதிகளின்படி, கடனட்டை, வரவட்டை மூலம் கிரிப்டோவுக்குக் காசு கட்டவும் முடியாது. இந்தியாவில் 2022 ஏப்ரலில் இருந்து கிரிப்டோ இலாபத்துக்கு 30 வீத வரி விதிக்கப்படுகிறது. அதனால் "வரி வாங்குகிறார்கள்தானே, சட்டபூர்வம்தானே" என்று அங்கிருந்து வந்த பிள்ளைகள் சொல்வார்கள். அது அந்த நாட்டின் ஏற்பாடு. இங்கே ஏமாற்றப்பட்டால் முறையிட ஒரு அனுமதி பெற்ற நிறுவனமே உங்கள் முன்னால் இருக்காது.

அட்டையால் கட்ட முடியாததால், இங்கே பலர் தனியாரிடம் வாங்கி விற்கிறார்கள். நீங்கள் டெதர் போன்ற நாணயத்தைச் செயலியில் அனுப்ப, முகம் தெரியாத ஒருவர் உங்கள் வங்கிக் கணக்குக்கு ரூபா போடுவார். அந்த ரூபா யாருடையது? வேறொருவரை ஏமாற்றி எடுத்த காசாக இருந்தால், விசாரணை உங்கள் கணக்குக்கு வரும், கணக்கு முடங்கலாம். அஸ்வெசும கொடுப்பனவும் வீட்டுத்திட்டக் காசும் வரும் கணக்கு அது என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கிரிப்டோ என்ற பெயரில் வருவது

இதுவரை உண்மையான கிரிப்டோவைப் பற்றிப் பேசினோம். கிராமத்துக்கு அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் அது அல்ல. ஒரு கூட்டம் நடக்கும். தேநீரும் பணிசும் இருக்கும். ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். காசு போட்ட மறுநாளே இலாபம் ஏறுவதாகத் திரையில் காட்டும். முதல் மாதம் சிறு தொகையை எடுக்கவும் விடுவார்கள். அதுதான் தூண்டில் இரை. பிறகு, கீழே ஆட்களைச் சேர்த்தால் கூடுதல் தருவதாகச் சொல்வார்கள். புதிதாக வருபவரின் காசைப் பழையவருக்கு இலாபம் என்று கொடுக்கிறார்கள். ஊரில் சேர ஆள் முடிந்த அன்று எல்லாம் முடியும்.

ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மெக்ஸ் டிரி, எம்ரிஎவ்ஈ ஆகிய பெயர்கள் மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலில் உள்ளன. எம்ரிஎவ்ஈ செயலி அந்த ஆண்டு ஓகஸ்டில் நின்றபோது இலங்கையில் மட்டுமல்ல, பங்களாதேஷிலும் நைஜீரியாவிலும் ஆட்கள் காசை இழந்தார்கள். நின்றதோடு விடவில்லை, கணக்கில் கடன் இருப்பதாகக் காட்டி, இன்னும் கட்டச் சொன்னது. ஒரு பெயர் விழுந்தால் வேறு பெயர் வரும். பட்டியலில் இல்லை என்பதால் ஒன்று நல்லது ஆகிவிடாது.

இதில் பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி, இத்தகைய திட்டத்தைத் தொடங்கியவர் மட்டுமல்ல, விளம்பரப்படுத்துபவரும் ஊக்குவிப்பவரும் குற்றவாளிதான்; சிறைத்தண்டனை உண்டு. பெரியம்மாவின் மகளை "நல்ல திட்டம், நீயும் சேர்" என்று கூட்டிக்கொண்டு போனவரும் அதற்குள் அகப்படலாம். சட்டம் வராவிட்டாலும், பெரியம்மா வீட்டுக்கு இனி எந்த முகத்தோடு போவது? காணிப் பிணக்குக்கும் கலியாணத்துக்கும் நாளைக்குத் தேவைப்படும் உறவுகள் இவை.

அப்படியானால் எவ்வளவு?

பெரும்பாலான குடும்பங்களுக்கு, திரும்பி வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு எங்கள் விடை: ஒன்றும் வேண்டாம். இதைக் கேட்டுப் பிள்ளைகள் முகம் சுளிப்பது தெரியும். பூச்சியமும் கணக்கில் வரும் ஒரு விடைதான். அது பயத்தால் வந்ததல்ல, மேலே எழுதிய வரவு செலவில் இருந்து வந்தது.

வட்டிக் கடன் இல்லை, அடுத்த போகத்துக்கான காசு தனியாக இருக்கிறது, இரண்டு மாதக் கையிருப்பு வங்கியில் இருக்கிறது, அதற்குப் பிறகும் மிஞ்சுகிறது என்றால், அந்த மிச்சத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் போக வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். உதாரணக் குடும்பத்துக்கு அது மாதம் 700 ரூபா. முழுதாகப் போனாலும் வீட்டில் யாரும் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைக்கத் தேவையில்லாத தொகை. மழைக் காலத்தில் வரவு நிற்கும் மாதங்களில் அதையும் நிறுத்துங்கள். ஈடு வைத்த காசும், கடன் காசும், வெளிநாட்டில் இருந்து சகோதரம் பிள்ளைகளின் படிப்புக்கு அனுப்பிய காசும் இதற்குள் வரக்கூடாது. வீட்டில் இருவருக்கும் தெரியாமல் ஒருவர் மட்டும் போடக்கூடாது.

700 ரூபாவைக் கேட்டவுடன் "இதுக்கா இவ்வளவு கதை" என்று ஒரு இளைஞர் ஒரு கூட்டத்தில் சொன்னார். ஆம், இவ்வளவுதான். அந்தத் தொகை சிறிது என்று தோன்றினால், மிச்சத்தைப் பெருக்கும் வழியைப் பேசலாம்: இன்னொரு கறவை மாடு, சொட்டுநீர்க் குழாய், தொழிற்பயிற்சிச் சான்றிதழ். அவற்றுக்கு உதவும் அலுவலகங்களின் விபரம் இந்தக் கைந்நூலின் வாழ்வாதாரப் பகுதியில் இருக்கிறது.

ஏற்கெனவே ஒரு திட்டத்தில் காசு போட்டிருந்தால், இன்னும் போட்டு மீட்கலாம் என்று நினைக்காதீர்கள். எடுக்கக்கூடியதை இன்றே எடுங்கள். "உங்கள் காசைத் திருப்பி எடுத்துத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று வருபவரும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். காசு அனுப்பிய வங்கிப் பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்தி, சேர்த்துவிட்டவரின் இலக்கம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். ஒரு நிறுவனம் அனுமதி பெற்றதா என்று அறிய மத்திய வங்கியின் 1935 இலக்கத்தில் தமிழிலேயே கேட்கலாம். அதன் பிராந்திய அலுவலகம் ஒன்று கிளிநொச்சியிலும் இருக்கிறது. போகும்போது அந்தத் துண்டுப்பிரசுரத்தையோ செயலியின் படத்தையோ கையில் கொண்டு போங்கள். பெயரை ஒரு எழுத்து மாற்றி வைத்திருப்பது இவர்களின் வழக்கம்.